நள்ளிரவில் மூடும் பேரேடு

நியூயார்க் பங்குச் சந்தையில் மாலை நான்குக்கு முடிவு மணி அடிக்கும்போது ஹைதராபாத்தில் நேரம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை. நானக்ராம்குடாவின் கண்ணாடிக் கட்டடங்களில் சில தளங்களுக்கு அதுதான் உச்சி வேளை. ஒரு பரஸ்பர நிதி கையில் வைத்திருக்கும் பங்குகளின் அன்றைய விலை, கடன் பத்திரங்களில் ஒரு நாளுக்குச் சேர்ந்த வட்டி, கொடுக்க வேண்டிய கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, யூனிட் எண்ணிக்கையால் வகுத்து, என்.ஏ.வி. என்ற ஒற்றை எண்ணை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பியாக வேண்டும். மறுநாள் காலை அமெரிக்காவில் ஓர் ஓய்வூதியக்காரர் தன் சேமிப்பு எவ்வளவு என்று பார்ப்பது அந்த எண்ணைத்தான். அதைச் சரிபார்த்தவர் விருதுநகரில் பி.காம். படித்தவராக இருக்கலாம் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

விருதுநகரிலிருந்து கிளம்பியபோது அந்த பி.காம்.காரருக்கும் அது தெரிந்திருக்காது. ‘ஹைதராபாத்தில் பைனான்ஸ் வேலை’ என்றால் நம் வீடுகளில் மனக்கண்ணில் வருவது வங்கிக் கவுன்ட்டர். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு ஆடிட்டர் ஆபீஸ். அந்தப் படத்தோடு தாம்பரத்தில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்கள் முதல் மூன்று மாதத்தை வீணடிக்கிறார்கள். இந்த ஊரின் நிதி வேலை பெரும்பாலும் வேறு யாருடைய கணக்கையோ எழுதும் வேலை. அதனால் இங்கே வேலை தேடும்போது கேட்க வேண்டியது ‘எந்த கம்பெனி’ என்பதல்ல, ‘எந்த பிராசஸ்’ என்பதுதான்.

ஒரு விநோதத்தைக் கவனியுங்கள். ஹைதராபாத்துக்குச் சொந்தமாக இரண்டு பெரிய வங்கிகள் இருந்தன. ஒன்று, நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில் 1941-ல் சட்டம் போட்டு, 1942 ஏப்ரல் 5-ல் கன்ஃபவுண்டரியில் கதவு திறந்த ஹைதராபாத் ஸ்டேட் வங்கி. நிஜாமின் தனி நாணயமான உஸ்மானியா சிக்காவை நிர்வகிப்பதும் அதன் பொறுப்பு. 2017 ஏப்ரல் 1-ல் அது பாரத ஸ்டேட் வங்கியில் கரைந்தது. இன்னொன்று, பட்டாபி சீதாராமய்யா 1923-ல் மசூலிப்பட்டினத்தில் தொடங்கி, பிறகு ஹைதராபாத்தைத் தலைமையகமாகக் கொண்ட ஆந்திரா வங்கி. 2020 ஏப்ரல் 1-ல் அது யூனியன் வங்கியோடு சேர்ந்துவிட்டது. மூன்றே ஆண்டில் ஊரின் இரண்டு வங்கிப் பெயர்களும் பலகையிலிருந்து இறங்கின. அதே காலத்தில்தான் இங்கே நிதித் துறை வேலைகள் பெருகின.

(உஸ்மானியா சிக்கா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஏழு சிக்கா ரூபாய்க்கு ஆறு பிரிட்டிஷ் இந்திய ரூபாய் என்பது கணக்கு. நூறு பிரிட்டிஷ் ரூபாய் மாற்றினால் நூற்றுப் பதினாறு ரூபாய், பத்தணா, எட்டுப் பை. இரண்டு நாட்டுப் பணத்தைப் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் எழுதுவது இந்த ஊருக்குப் புதிதல்ல.)

மேற்கே நகர்ந்த மேசை

1998 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய் மாதாப்பூரில் சைபர் டவர்ஸைத் திறந்து வைத்தபோது சுற்றிலும் பாறைதான். முதல்வர் சந்திரபாபு நாயுடு கூப்பிட்டது மென்பொருள் கம்பெனிகளை. பின்னாலேயே பேரேடுகளும் வந்து சேர்ந்தன. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டி.இ. ஷா அதற்கும் முன்பே, 1996-லேயே வந்துவிட்டது. அதே ஆண்டு ரிசர்வ் வங்கி, வங்கித் தொழில்நுட்ப ஆய்வுக்கென்று மாசப் டாங்கில் ஐ.டி.ஆர்.பி.டி.யை அமைத்தது. 2001-ல் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் கச்சிபௌலியில் திறந்தது. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் டெல்லியை விட்டு இங்கே குடிவந்து, இன்று ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்டில் சொந்தக் கட்டடத்தில் இருக்கிறது. டெலாய்ட்டின் அமெரிக்கப் பிரிவு, எச்.எஸ்.பி.சி., வெல்ஸ் ஃபார்கோ, பேங்க் ஆஃப் அமெரிக்கா, ஜே.பி. மோர்கன், ஸ்டேட் ஸ்ட்ரீட், ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்று வரிசை நீண்டது. சிங்கப்பூரின் டி.பி.எஸ். 2016-ல் வந்தது, கோல்டுமன் சாக்ஸ் 2021-ல். பெருநிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காக நடத்தும் இந்த மையங்களுக்கு இன்று ஜி.சி.சி. என்று பெயர். நாடு முழுவதும் 1,700-க்கு மேல் இருப்பதாகவும் 19 லட்சம் பேர் வேலை செய்வதாகவும் நாஸ்காம் 2024-ல் கணக்குச் சொன்னது.

சென்னையிலும் இதெல்லாம் உண்டுதான். உலக வங்கியே தன் கணக்கு வேலையில் ஒரு பகுதியை 2001-ல் சென்னைக்குக் கொண்டுவந்தது. பிறகு ஏன் ஹைதராபாத்? கணவருக்கோ மனைவிக்கோ மாற்றல். அண்ணன் ஏற்கெனவே மாதாப்பூரில். கல்லூரி கேம்பஸில் கிடைத்த கம்பெனி இங்கே போட்டுவிட்டது. காரணம் எதுவானாலும் செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கும்போது கையில் இருப்பது அதே பட்டமும் அதே டேலி சான்றிதழும்தான்.

பிராசஸ் என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைத் தளங்களில் எல்லாப் பதவிக்கும் ‘அனலிஸ்ட்’ என்றே பெயர் இருப்பதால் புதியவர் ஏமாந்துபோகிறார்.

உள்ளே நுழைய மிக எளிய கதவு கே.ஒய்.சி. வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வந்தது, அவர் அரசியல்வாதியின் உறவினரா, தடைப் பட்டியலில் இருக்கிறாரா என்று ஆவணம் ஆவணமாகப் பார்ப்பது. ஆள் எடுக்கும்போது நூற்றுக்கணக்கில் எடுப்பார்கள். பி.காம். போதும், பல நேரம் எந்தப் பட்டமும் போதும். இதில் தொடங்குவது தவறில்லை. ஆனால் நான்கு வருடம் கழித்தும் பாஸ்போர்ட் நகலையும் முகவரிச் சான்றையும் பார்த்துக்கொண்டே இருந்தால், கணக்கியல் கையைவிட்டுப் போயிருக்கும். அதே தளத்தில் இரண்டு வரிசை தள்ளி, பணச்சலவையை விசாரிக்கும் மேசை இருக்கும். சந்தேகப் பரிமாற்றத்தைத் துருவி, கதையைக் கோத்து, அறிக்கை எழுதும் வேலை. சம்பளமும் மதிப்பும் அங்கேதான் கூடுகிறது. ஒன்றரை வருடத்துக்குள் அங்கே தாவிவிட வேண்டும்.

ஃபண்ட் அக்கவுண்டிங் கடினமான கதவு. முதலில் சொன்ன நள்ளிரவு வேலை அதுதான். கடன் பத்திரத்தின் வட்டி நாள்தோறும் எப்படிச் சேர்கிறது, பங்கு இரண்டாகப் பிரிந்தால் விலையும் எண்ணிக்கையும் என்னாகும், டிவிடெண்ட் கைக்கு வருமுன் எக்ஸ்-டேட் அன்றே ஏன் வரவு வைக்க வேண்டும் என்பதெல்லாம் கைப்பழக்கமாகிவிடும். இதைக் கற்றவருக்கு லக்சம்பர்க்கிலும் டப்ளினிலும்கூட மேசை உண்டு. அமெரிக்கச் சந்தை 2024 மே 28 முதல் ஒரே நாளில் பரிவர்த்தனையை முடிக்கும் முறைக்கு மாறியது. இந்தியா அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியிலேயே முழுவதும் மாறிவிட்டது. இரண்டு நாள் அவகாசம் ஒன்றாகச் சுருங்கியதால், வாங்கியவர் கணக்கும் விற்றவர் கணக்கும் பொருந்தாத இடங்களை அன்றிரவே பிடித்தாக வேண்டும். செட்டில்மென்ட், ரீகன்சிலியேஷன் தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடியது. ராத்தூக்கம் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

மூன்றாவது, கம்பெனிக் கணக்கு. உள்ளே இருப்பவர்கள் பி.டு.பி., ஓ.டு.சி., ஆர்.டு.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள். பில் வாங்கிப் பணம் கொடுப்பது, பில் போட்டுப் பணம் வசூலிப்பது, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் மூடி அறிக்கை ஆக்குவது. டேலியில் பழகிய கைக்கு நெருக்கமான வேலை. வங்கி மட்டுமல்ல, மருந்து, சில்லறை வணிகம், எண்ணெய் என்று எந்தப் பன்னாட்டுக் கம்பெனியின் மையத்திலும் இது இருக்கும். அதில் மாத முடிவு வேலையான ஆர்.டு.ஆர். பக்கம் போய்விடுவது நல்லது. பில் நுழைக்கும் வேலையை மென்பொருள் வேகமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

நான்காவது கதவு ஹைதராபாத்துக்கே உரியது என்று சொல்லலாம்: அமெரிக்க வருமான வரி. தனிநபருக்கு 1040, கூட்டுத் தொழிலுக்கு 1065, கம்பெனிக்கு 1120 என்று படிவ எண்களை அமெரிக்காவைப் பார்த்தே இராதவர்கள் டீக்கடையில் ஒப்பிப்பார்கள். மார்ச் 15, ஏப்ரல் 15 என்ற இரண்டு கெடுக்களை ஒட்டிய ‘பிசி சீசன்’ மாதங்களில் கல்யாண வீட்டுக்குக்கூட லீவு கேட்க முடியாது. இதற்குச் சின்னதாக ஒரு சாவி இருக்கிறது. அமெரிக்க வருவாய்த் துறை நடத்தும் ‘என்ரோல்டு ஏஜென்ட்’ தேர்வு. மூன்று தாள், ஹைதராபாத்திலேயே எழுதலாம், வழக்கமாக மே முதல் பிப்ரவரி வரை தேர்வுக் காலம். சி.ஏ. இன்டரில் முட்டி மோதி நின்றுபோன எத்தனையோ பேருக்கு இது இரண்டாவது வாழ்வு. சி.ஏ. முடிக்காதவர் என்ற முத்திரையோடு ஊரில் கூனிக் குறுகி நிற்பதற்குப் பதில், இந்த மூன்று தாளை எழுதலாம் என்பது என் கட்சி.

நம்மூர் பரஸ்பர நிதிகளுக்கும் இங்கே ஒரு மேசை உண்டு. நீங்கள் எஸ்.ஐ.பி. போடுகிறவர் என்றால் உங்கள் யூனிட் கணக்கை வைத்திருக்கும் பெரிய பதிவாளர்கள் நாட்டில் இரண்டே பேர்: சென்னையில் கேம்ஸ், ஹைதராபாத்தில் கேஃபின். சென்னையில் ஒன்றில் வேலை பார்த்தவர் இங்கே வந்தால் மற்றதின் வாசலை முதலில் தட்டுவது இயல்பு. என்.ஐ.எஸ்.எம். நடத்தும் பதிவாளர் சான்றிதழ்த் தேர்வு இரண்டு ஊருக்கும் பொது.

தெலுங்கு எங்கே வேண்டும்?

கச்சிபௌலிக் கண்ணாடிக்குள் ஆங்கிலம் போதும். சாப்பாட்டு மேசையில் இந்தி. கண்ணாடிக்கு வெளியே கதை வேறு. ஹைதராபாத்தில் வேலை என்றால் எல்லோரும் மேற்கே பார்க்கிறார்கள். பேகம் பஜார் மொத்த வியாபாரிகள், ஜீடிமெட்லா ஆலைகள், அடுக்குமாடி கட்டும் பில்டர்கள், தனியார் மருத்துவமனைகள், டாக்டர் ரெட்டீஸ், அரபிந்தோ, டிவிஸ், ஹெட்டிரோ போன்ற மருந்து நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் கணக்கர் வேண்டும். ஜி.எஸ்.டி. தாக்கல், டி.டி.எஸ்., ஸ்டாக் கணக்கு. மருந்து ஆலைகளில் அடக்கவிலை கணக்கிட சி.எம்.ஏ. படித்தவர்களுக்கு நல்ல இடம் உண்டு. இதை நம் பிள்ளைகள் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் குடோன்காரரோடும் லாரிக்காரரோடும் பேசாமல் அங்கே கணக்கு எழுத முடியாது. தெலுங்கோ, தக்கணி உருதுவோ வேண்டும். தமிழருக்குத் தெலுங்கு காதில் ஏற மூன்று மாதம், வாயில் வர ஆறு மாதம். முதல் வாரமே ‘தெலுகு ராது’ என்று கைவிரித்துவிட்டால் அந்த ஆறு மாதம் ஆறு வருடமாகிவிடும்.

அரசு வங்கி எழுத்தர் தேர்வு எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த இடங்கள் மாநில வாரியானவை. விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழி எழுதவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். தெலங்கானாவில் குடியிருப்பதால் மட்டும் தெலங்கானா இடத்துக்குப் போட்டுவிட்டு, மொழித் தேர்வில் கவிழ்ந்தவர்கள் உண்டு. தமிழ் மட்டுமே எழுதத் தெரியும் என்றால் ஹைதராபாத்தில் இருந்துகொண்டே தமிழ்நாட்டு இடத்துக்கு விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம். வேலை கிடைத்தால் மறுபடி மூட்டை கட்ட வேண்டும் என்பது வேறு விஷயம்.

சரி, வேலை தேடும் வேலை. நௌக்ரியில் ரெஸ்யூமே ஏற்றிவிட்டுப் போனுக்காகக் காத்திருப்பது பாதி வழிதான். பெரிய மையங்களில் ‘ரெஃபரல்’ என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு வேறெதற்கும் இல்லை. உள்ளே இருக்கும் ஊழியர் பெயர் கொடுத்து, ஆள் சேர்ந்து, சில மாதம் தங்கினால் அவருக்கும் ஒரு தொகை உண்டு. ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம்; கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். ‘ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா’ என்று லிங்க்டுஇன்னில் அனுப்பினால் அண்ணனால் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனியின் தளத்தில் வந்திருக்கும் குறிப்பிட்ட இடத்தின் எண்ணை எடுத்து, அந்த வேலைக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று இரண்டு வரியில் எழுதி அனுப்பினால், அண்ணன் டீ குடிக்கும் நேரத்தில் ஏற்றிவிடுவார். இன்னொரு நுழைவாயில் ஒப்பந்த வேலை. உட்காருவது பெரிய வங்கியின் மேசையில், சம்பளச் சீட்டு வேறொரு நிறுவனத்துடையது. ஊரில் சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். பிராசஸ் நன்றாக இருந்தால் சேர்ந்துவிடலாம். மோசமான மேசையில் நிரந்தர வேலை என்பதைவிட இது மேல்.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ ஐந்து நிமிடம். பிறகு வரும் அடிப்படையில்தான் ஆள் உட்காருவதும் விழுவதும். தேய்மானம் பத்து ரூபாய் கூடினால் மூன்று அறிக்கைகளிலும் என்ன நடக்கும் என்பது பழைய கேள்வி. இன்றும் பாதிப்பேர் திணறும் கேள்வி. வரி முப்பது சதவீதம் என்று வையுங்கள். லாபம் ஏழு ரூபாய் குறையும். தேய்மானத்துக்காகப் பணம் வெளியே போவதில்லை, வரி மிச்சமாகிறது, ஆகவே கையிருப்பு மூன்று ரூபாய் கூடும். இருப்புநிலைக் குறிப்பில் சொத்து பத்து குறைந்து மூன்று கூடுகிறது, அதாவது ஏழு குறைவு. மறுபக்கம் திரண்ட லாபத்திலும் அதே ஏழு குறைவு. இதை ஒரு தாளில் போட்டுக் காட்டத் தெரிந்தவர் கல்லூரிப் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எக்ஸெலில் பிவட், எக்ஸ்-லுக்அப் கைக்குப் பழகியிருக்க வேண்டும். திரையைப் பகிரச் சொல்லிச் செய்ய வைப்பார்கள்.

கல்யாணம், குழந்தை என்று நான்கைந்து வருடம் இடைவெளி விட்டு, கணவரின் மாற்றலோடு இங்கே வந்திறங்கும் பெண்கள் ஏராளம். இடைவெளியை ‘ஃப்ரீலான்ஸ்’ என்று பூசி மெழுகுவதுதான் அவர்கள் செய்யும் தவறு. மூன்றாவது கேள்வியில் பூச்சு உதிர்ந்துவிடும். குழந்தை வளர்த்தேன், இந்த ஆறு மாதத்தில் இந்தத் தேர்வு எழுதினேன் என்று நேராகச் சொல்வது எடுபடுகிறது. இடைவெளி விட்டவர்களுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கும் பன்னாட்டு வங்கிகளும் இருக்கின்றன. இரவு ஷிஃப்டில் பெண்களுக்குப் போக்குவரத்து தர வேண்டும் என்பது அதற்கான அரசு அனுமதியோடு வரும் நிபந்தனை. வண்டி எத்தனை கிலோமீட்டர் எல்லை வரை வரும் என்பதைச் சேருமுன்பே கேட்டுவிட வேண்டும். வீடு பார்ப்பதும் அதைப் பொறுத்துத்தான்.

அமீர்பேட்டையில் விற்கும் அனுபவம்

அமீர்பேட்டை மைத்ரிவனம் பக்கம் ஒரு முறை நடந்து பாருங்கள். சுவர், கம்பம், ஆட்டோவின் முதுகு, எங்கும் பயிற்சி விளம்பரம். அவற்றில் நல்ல ஆசிரியர்கள் உண்டு. சில ஆயிரம் ரூபாயில் எஸ்.ஏ.பி. கணக்குப் பாடத்தை உருப்படியாகச் சொல்லித் தருபவர்கள் உண்டு. அதே படிக்கட்டில் ஒரு மாடி ஏறினால் வேறொரு வியாபாரம். இரண்டு வருட அனுபவம் வேண்டுமா, மூன்றா? சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர், கேட்டால் போனில் ‘ஆமாம், இங்கேதான் வேலை பார்த்தார்’ என்று சொல்ல ஓர் ஆள், எல்லாம் சேர்த்து ஒரு விலை. ‘பேக்டோர்’ என்பது இந்த ஊரில் வெட்கமில்லாமல் புழங்கும் சொல்.

மற்ற துறைகளில் இது எத்தனை நாள் தாங்குமோ, நிதித் துறையில் தாங்காது. பின்னணிச் சோதனை செய்பவர்கள் போன் போடுவதோடு நிற்பதில்லை. வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். எண்ணில் எந்த மாதம் எந்த முதலாளி பணம் கட்டினார் என்று தெரியும். 26-ஏ.எஸ். படிவத்தில் யார் வரி பிடித்தார் என்று தெரியும். சிபில் பார்க்கிறவர்களும் உண்டு. பொய் பிடிபட்டால் போவது அந்த ஒரு வேலை மட்டுமல்ல. இன்னொருவர் பணத்தை நம்பி ஒப்படைக்கும் தொழிலில் அந்தக் கறை பின்னாலேயே வரும்.

இதைவிடக் கொடியது ஒன்று இப்போது பரவுகிறது. ‘பேமென்ட் பிராசஸிங் ஏஜென்ட், வீட்டிலிருந்தே வேலை’ என்று டெலிகிராமில் ஆள் எடுப்பார்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை இன்னொரு கணக்குக்குத் தள்ள வேண்டும். வேலை தேடி அலுத்தவருக்கு இது பைனான்ஸ் வேலை மாதிரியே தெரியும். வருவது மோசடிப் பணம். போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில். கணக்கை வாடகைக்கு விடாதீர்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு இன்றே போன் செய்யுங்கள், நாளை வேண்டாம்.

ஊருக்கும் தன் பங்குக்கு வடுக்கள் உண்டு. செகந்திராபாத்தின் குளோபல் டிரஸ்ட் வங்கி பத்தே ஆண்டில் தடுமாறி 2004-ல் ஓரியன்டல் வங்கியில் சேர்க்கப்பட்டது. 2009 ஜனவரி 7 காலை சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒரு கடிதம், பேரேட்டில் ஆயிரக்கணக்கான கோடி வெறும் எழுத்து என்று ஒப்புக்கொண்டது. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. இரண்டே மாதத்தில் ஆந்திர அரசின் அவசரச் சட்டம் நுண்கடன் தொழிலையே முடக்கியது. 2019 நவம்பரில் வாடிக்கையாளரின் பங்குகளை அடகு வைத்ததற்காக கார்வி தரகு நிறுவனத்தின் மீது செபி தடை போட்டது. இப்படிச் சரிந்த இடங்களில் தப்பு செய்யாத ஊழியர்கள் பலரும் தெருவுக்கு வந்தார்கள். ஃபார்ம் 16, சம்பளச் சீட்டுகள், வேலைக் கடிதம் ஆகியவற்றின் பிரதியை ஆபீஸ் மெயிலில் மட்டும் வைத்திருக்காமல் வீட்டில் ஒரு கோப்பில் போட்டுவைப்பது அந்தத் தலைமுறை கற்ற பழக்கம்.

சம்பளக் கணக்கு ஒன்றைப் போட்டுவிடுவோம். சி.டி.சி. ஆறு லட்சம் என்கிறார்கள். மாதம் ஐம்பதாயிரம் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அதில் பத்து சதவீதம் ஆண்டுக் கடைசியில் வரும் வேரியபிள் என்றால் ஐயாயிரம் போயிற்று. அடிப்படைச் சம்பளம் இருபத்தையாயிரம் என்றால் முதலாளியின் வைப்பு நிதிப் பங்கு மூவாயிரமும் பணிக்கொடைக்குச் சுமார் ஆயிரத்து இருநூறும் அந்த ஐம்பதுக்குள்ளேயே அடங்கியிருக்கும். உங்கள் பங்கு மூவாயிரம் தனி. தெலங்கானாவின் தொழில் வரி மாதம் இருநூறு. நம்மூரில் உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது, இங்கே மாதா மாதம் மாநிலத்துக்கு. கைக்கு வருவது முப்பத்தேழாயிரத்து அறுநூறு. அதை வைத்துத்தான் வாடகை பேச வேண்டும்.

வாடகைதான் கசப்பான பாடம். நானக்ராம்குடாவுக்கு அடுத்த கோகாபேட்டையில் 2023 ஆகஸ்ட் ஏலத்தில் ஓர் ஏக்கர் நூறு கோடியைத் தாண்டியது. அந்தச் சூடு சுற்றுவட்டார வாடகையில் தெரியாமல் இருக்குமா? நம்மவர்களுக்குப் பழகிய இடமோ ஊரின் மறுகோடி. ஊர்க்காரர்கள் இன்றும் லஷ்கர் என்று சொல்லும் செகந்திராபாத் பிரிட்டிஷ் படை தங்கிய ஊர். அதன் பின்னால் வந்த முதலியார்களும் குமாஸ்தாக்களும் வேர்விட்ட இடம். 1862-ல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளிதான் மெஹபூப் கல்லூரி. 1893-ல் சிகாகோ போகுமுன் விவேகானந்தர் பேசிய மேடை அது. பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரியில் முருகன் இருக்கிறார், மாரேடுபள்ளியில் தமிழ்ப் பேச்சு கேட்கும். அங்கே குடியேறத்தான் மனசு சொல்லும். ஆனால் மெட்ரோ நீல வழித்தடம் ராய்துர்க்கில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட் போக பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். பகல் ஷிஃப்ட் என்றால் ஒருவழியாகச் சமாளிக்கலாம். இரவு ஷிஃப்ட் என்றால் முதல் ஆறு மாதம் கொண்டாப்பூர், கச்சிபௌலிப் பக்கம் ஒரு பி.ஜி.யில் பப்பும் ஆவக்காயும் சாப்பிட்டுக்கொண்டு தங்கிவிடுங்கள். முருகனை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்கர்கள் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், மார்ச் இரண்டாவது ஞாயிறு முன்னால் தள்ளுவார்கள். இந்தியக் கடிகாரம் அசையாது. ஆகவே குளிர்காலத்தில் இங்கே பேரேடு மூடும் நேரம் ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குப் போகும். கேப் வரும் நேரமும் அதோடு நகரும். ‘பொது ஷிஃப்ட்’ என்று வாயால் சொல்லிவிட்டு, சேர்ந்த மூன்றாம் வாரம் இந்த அட்டவணையை நீட்டும் இடங்களும் உண்டு.

வேலைக் கடிதம் மெயிலில் வந்ததும் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த பிராசஸ், எந்த ஷிஃப்ட், எந்தக் கட்டடம் என்று மூன்றையும் பதில் மெயிலில் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு சார்மினாருக்கு டிக்கெட் போடுங்கள்.